ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பதினோராயிரம் புத்தகங்கள்

நூலகர் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் பார்த்தது புத்தகமா பொய்யா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் சொல்லும் காரணங்களை மட்டும் எழுதி வைத்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும். ஆடு தின்றுவிட்டது, அருவியில் போய்விட்டது, மைத்துனர் துபாய்க்குக் கொண்டு போய்விட்டார், எல்லாம் கேட்டாயிற்று. ஆனால் ஒரு புதன்கிழமை காலையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டில் நான் கேட்டதெல்லாம் வேறு ரகம்.

எங்கள் தென்காசிப் பக்கம் புத்தகத் திருவிழா நடக்கும்போது, வீட்டிலேயே நல்ல நூலகம் வைத்திருப்பவர் ஒருவருக்கு மேடையில் ஷீல்டு கொடுப்பார்கள். விண்ணப்பம் போட்டவர் வீட்டுக்கு ஒரு நூலகர் நேரில் போய், கண்ணால் பார்த்ததைப் படிவத்தில் எழுதி, வீட்டுக்காரரிடமும் ஒரு சாட்சியிடமும் கையெழுத்து வாங்கி வரவேண்டும். இந்த வருஷம் என் பங்குக்கு வந்ததில் ஒன்று அண்ணாச்சியின் விண்ணப்பம். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகங்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில், டிக்கெட் கட்டுக்கு எழுதின பழக்கத்தில், ‘தொடக்க எண் 1, முடிவு எண் 11000’ என்று எழுதியிருந்தார்.

வீடு தெருவை விட இரண்டு அடி பள்ளத்தில் இருந்தது. நான் பார்த்து இறங்குவதற்குள் அவருடைய சம்சாரம் பிரமு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். கையில் தண்ணீர்ச் செம்பு. அதைக் கொடுக்கிற சாக்கில் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், உள்ள போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிருதேன். எங்க சம்பந்தி வானமாமலை, புத்தகத்தை எண்ணிப் பாக்கணும்னு வந்து உக்காந்திருக்காக. எங்க மகளை மலையடிவாரத்துல இலஞ்சியில அவுக மகனுக்குத்தான் குடுத்திருக்கு. போன வருஷம் இந்த ஷீல்டை அவுக வாங்குனாக. அதை ஹால் சுவத்துல மாட்டி, அதுக்கு நேர் கீழ ஒரு நாற்காலி போட்டு, நாங்க போற அன்னைக்கெல்லாம் எங்க வீட்டுக்காரவுகளை அதுலதான் உக்கார வைப்பாக. இப்ப என்ன சம்பந்தி படிக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாக. பேரனுக்கு மொட்டை போட்ட அன்னைக்கு இவுகளுக்கு ரோசம் வந்துட்டு. எங்க வீட்டுல பதினோராயிரம் புத்தகம் இருக்கு, ஷீல்டு இல்லாம இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டாக. ரெண்டு மாசம் ஆச்சு. ராப்பகலா பேரன் போட்டோவப் பாத்துக்கிட்டு இருக்காக. எனக்கு வயிறு எரியுது.”

“புத்தகம் இருக்குல்லாக்கா?” என்றேன்.

“நீங்களே பாருங்க” என்று சொல்லிவிட்டு செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் மூன்று புத்தகங்கள். ஒன்று சமையல் குறிப்பு, ஒன்று கோழி வளர்ப்பு, மூன்றாவது பஞ்சாங்கம், அதுவும் போன வருஷத்தது. அலமாரிக்கு இந்தப் பக்கம் ஆவுடையப்பன் அண்ணாச்சி, மீசையைத் தடவிக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற பெண்வீட்டுக்காரர் மாதிரி முகம் நிறையச் சிரிப்போடு நின்றார். அந்தப் பக்கம் வானமாமலை. பத்திர ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர். சட்டைப்பையில் இரண்டு பேனா. எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவர் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

“மூணு இருக்கு” என்றார் வானமாமலை, நான் உட்காருவதற்கு முன்பே. “மீதிப் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு எங்க சம்பந்தி?”

“அவசரப்படாதீங்க. இந்த மூணும் வாசல் காவலுக்கு நிக்கது. வீடு பள்ளத்துல இருக்கதப் பாத்தீங்கள்லா மேடம்? ஏன்னு நெனைக்கீங்க? எல்லாம் புத்தகத்துப் பாரம். மொத ஆயிரம் வாங்குன அன்னைக்கு வீடு ஒரு படி எறங்கிச்சு. ரெண்டாயிரத்துக்கு ரெண்டு படி. நாலாயிரத்துல ஜன்னல் கம்பி வழியா பாத்தா தெருவுல போறவுக கால் மட்டுந்தான் தெரியும். செருப்பை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சு வணக்கம் சொல்லுவேன்.”

பிரமு அக்கா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். “பழைய ரோட்டைச் சொரண்டாம அதுமேலேயே நாலு தடவை ரோடு போட்டுட்டானுவ மேடம். இந்தத் தெருவுல எல்லா வீடும் பள்ளந்தான்.”

அண்ணாச்சி அசரவில்லை. “நாலு தடவை ஏன் போட்டான்னு கேளுங்க. எங்க வீடு எறங்குன வேகத்துல தெருவே இங்கிட்டுச் சரிஞ்சிட்டு. பள்ளத்தை நெரப்பணும்லா? கூட இருக்க வீடெல்லாம் எங்களுக்குத் துணையா எறங்குனது, பாவம். ஒரு இன்ஜினியர் வந்து பாத்தாரு. அண்ணாச்சி, இன்னும் ஒரு அகராதி வாங்கினீங்கன்னா வீடு கடல்மட்டத்துக்குப் போயிரும்னாரு. அதோட பாரத்தைக் குறைக்கணும்னு முடிவு பண்ணுனேன். எல்லாத்துலயும் கனமானது சட்டப் புத்தகம். அத்தனையையும் கயிறு கட்டிக் கிணத்துல எறக்கிட்டேன்.”

“நனையாதா?” என்றார் வானமாமலை.

“சட்டத்தை என்ன நனைச்சாலும் அது காஞ்சாப்லதான் இருக்கும். தண்ணிதான் மாறிப்போச்சு. எதிர்வீட்டுச் சங்கரபாண்டி ஒரு செம்பு குடிச்சான். வீட்டுக்குப் போயி, கொழம்புல உப்பு இல்லைன்னு பொண்டாட்டிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டான். அவளும் இந்தத் தண்ணியிலதான் கொழம்பு வச்சிருக்கா, அன்னைக்கு மத்தியானமே பதில் நோட்டீஸ் வந்துட்டு. சரி மனுசந்தான் அப்படின்னு பாத்தா, எங்க எருமை. ஒரு தொட்டி குடிச்சிட்டு, பால் கறக்க வந்தவன்ட்ட வாய்தா கேக்குது.”

“எருமை பேசிச்சாக்கும்.”

“பேசல சம்பந்தி. தலையை ஆட்டிச்சு. பதினஞ்சு நாளைக்குப் பொறவு வான்னு எனக்கு வெளங்கிட்டு. அவன் பதினஞ்சு நாள் கழிச்சு வந்தான், சாட்சி வரலைன்னு மறுபடியும் தலையை ஆட்டிட்டு.”

வானமாமலை என்னைப் பார்த்தார். எழுதுங்க மேடம், பொய்யின்னு எழுதுங்க என்று அந்தப் பார்வை சொன்னது. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நான் பேனாவைத் திறந்து, திரும்ப மூடினேன்.

“இத்தனையும் படிச்சீங்களா அண்ணாச்சி?” என்றேன். நூலகர் கேட்கவேண்டிய கேள்வி அது.

“படிக்காமயா? முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழிச்ச வெரல் மேடம் இது. திருநெல்வேலியில விசில் குடுத்து நாவலைத் தொறந்தேன்னா ஆலங்குளம் வாரதுக்குள்ள முடிஞ்சிரும். பாவூர்சத்திரத்துக்குள்ள இன்னொண்ணு. தென்காசியில எறங்கும்போது ரெண்டுக்கும் முன்னுரை மட்டும் பாக்கி இருக்கும். முன்னுரையை நான் டீ குடிக்கும்போதுதான் படிக்கது. ஓய்வு பெத்த பொறவு வேகம் கூடிட்டு. பக்கம் திருப்புத காத்துலேயே வீடு குளுந்துரும், ஃபேனே போடமாட்டோம். கரண்டு ஆபீசுலருந்து ரெண்டு பேரு வந்து, மீட்டரு ஓடலையே, கொக்கி போட்டிருக்கீங்களான்னு வீடு பூரா தேடுனானுவ. அவனுவ முன்னாடியே ஒரு நாவலை எடுத்துப் பத்துப் பக்கம் திருப்புனேன். ஒருத்தன் தொப்பி கிணத்துல போயி விழுந்துட்டு. எங்க தெருவுல உளுந்து தூத்தணும்னா பொம்பளையாளுக சொளகை எடுத்துக்கிட்டு எங்க வாசல்ல வந்து உக்காந்துருவாக. அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் கனமான புத்தகமாப் படிங்க, உமி போகமாட்டேங்குதுன்னு சத்தம் போடுவாக. ஒரு நாள் ஆயிரம் பக்கத்துச் சரித்திரம் ஒண்ணை எடுத்தேன். பக்கத்துத் தெருவுல காயப்போட்டிருந்த வேட்டி பறந்து செங்கோட்டையில போயி விழுந்துட்டு.”

“எத்தனை முழ வேட்டி?” என்றார் வானமாமலை. எழுத்தர் புத்தி போகவில்லை.

“எட்டு முழம். கரை வச்சது.”

“யாரு கண்டா?”

“செங்கோட்டையில அதைக் கட்டிக்கிட்டு ஒருத்தரு நிச்சயதார்த்தத்துக்கே போயிட்டு வந்துட்டாரு. போயிக் கேளுங்க.”

வானமாமலை நாற்காலியைச் சற்று முன்னுக்கு இழுத்தார். “எங்க வீட்டுல நாலாயிரத்து இருநூறு இருக்கு. பொருள் வாரியாப் பிரிச்சு, நம்பர் ஒட்டி, ரெண்டு ரிஜிஸ்தர்ல ஏத்தியிருக்கேன். உங்க புத்தகத்துக்கு வகைப்பாடு உண்டா சம்பந்தி? மேடம் அதையும் கேப்பாங்கள்லா?”

கேட்கத்தான் வேண்டும். படிவத்தில் ஆறாவது கட்டம்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். “வகைப்பாடு இல்லாம பட்ட பாடுதான் சம்பந்தி எனக்கு அதோட அருமையைக் கத்துக் குடுத்துச்சு. மொதல்ல எடம் இல்லாம எல்லாத்தையும் கலந்து அடுக்கிட்டேன். துப்பறியும் நாவலுக்கு நடுவுல பஞ்சாங்கம் ஒண்ணு மாட்டிக்கிட்டு. ஒரு மாசம் கழிச்சு நல்ல நேரம் பாக்கலாம்னு எடுத்தா, கடைசிப் பக்கம் வரைக்கும் சொல்லவே மாட்டேங்குது. ராகுகாலம் மேல சந்தேகம் வருது, எமகண்டம் மேல சந்தேகம் வருது, ஆனா பிடிகுடுக்க மாட்டேங்குது. அதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சு பந்தியும் முடிஞ்சிட்டு. பேய்க்கதைக்குப் பக்கத்துல கோழி வளர்ப்பை வச்சேன். அதைப் படிச்சு வளத்த கோழியெல்லாம் பின்பக்கமா நடந்துச்சு. முட்டைய ஒடைச்சா உள்ள ஒண்ணும் இருக்காது, ஒரு பெருமூச்சு மட்டும் வரும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரணைக்கு வந்த இடத்தில் சிரிக்கக்கூடாது என்று இருமினேன். பிரமு அக்கா அதைப் பார்த்துவிட்டுக் காப்பி கலக்கப் போனார்.

“சமையல் புத்தகத்தை அடுப்படிப் பக்கமே வைக்கக்கூடாது மேடம். இதோ நிக்கே, இதைத்தான் சொல்லுதேன். ஒரு கார்த்திகை விரதத்தன்னைக்கு நான் மொச்சைக் கொழம்புப் பக்கத்தைச் சத்தம் போட்டுப் படிச்சிட்டேன். தெருவுல விரதம் இருந்த பதினேழு பொம்பளைகளுக்கும் ஏப்பம் வந்துட்டு. விரதம் போச்சுன்னு எல்லாரும் வந்து என்னை ஏசுனாக. பிரமுகிட்ட வேணும்னா கேளுங்க.”

“ஏசுனது உண்மை” என்றார் பிரமு அக்கா அடுப்படியில் இருந்தே. “விரதத்தன்னைக்கு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மொச்சைக் கொழம்பு வேணும்னு கேட்டா வேற என்ன செய்வாக.”

“கரையான் வரலையா?” என்றார் வானமாமலை. இப்போது அவர் குரலில் ஒரு வேகம் இருந்தது. இந்தக் கேள்வியில் ஆளைக் கவிழ்த்துவிடலாம் என்று நினைத்தார் போல. “பதினோராயிரம் இருந்தா கரையான் வந்திருக்கணுமே. எங்க வீட்டுல மாசம் ஒரு தடவை மருந்து அடிக்கேன்.”

“மருந்தா? ஐயோ சம்பந்தி, அந்தப் பாவத்தை ஏன் செய்யுதீங்க. எங்க வீட்டுக் கரையானெல்லாம் படிச்சவுக. ஆரம்பத்துல தின்னுதான் பாத்துச்சு. கலைக்களஞ்சியத்துல ‘க’ வரைக்கும் தின்ன பொறவு அதுகளுக்கு ஒரு தெளிவு வந்துட்டு. நல்ல புத்தகம்னா தொடாது, வரிசையா நின்னு படிச்சிட்டுப் போகும். மோசமான புத்தகம்னா ஒரே ராத்திரியில முடிச்சிரும். நான் ஒரு புத்தகம் வாங்கணும்னாலே கடைக்கு ரெண்டு கரையானைத் தீப்பெட்டியில வச்சுக் கொண்டு போவேன். அட்டை மேல விடுவேன். வாயை வச்சிதுன்னா அப்படியே கடைக்காரன்ட்ட திருப்பிக் குடுத்திருவேன். ஒரு எழுத்தாளரு என்னைத் தேடி வந்தாரு, தன்னோட நாவலைக் கரையானுக்குக் காட்டணும்னு. காட்டுனோம். தின்னவும் இல்ல, படிக்கவும் இல்ல. தூங்கிட்டு. பாவம், அவரு அழுதுக்கிட்டே போனாரு.”

இந்தச் சமயத்தில் காப்பி வந்தது. வானமாமலை காப்பியைத் தொடவில்லை. டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வரிசையாக விரல் விட்டு எண்ணினார்.

“சரி. கிணத்துல சட்டப் புத்தகம். துப்பறியும் நாவல். பேய்க்கதை. சரித்திரம். கலைக்களஞ்சியம். எல்லாம் இருக்கு. வாங்க, காட்டுங்க. கிணத்தைக் காட்டுங்க, பாப்போம்.”

நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். இங்கே மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு மடக்குக் காப்பி குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

“நேத்து வந்திருந்தா காட்டியிருப்பேன் சம்பந்தி. இன்னைக்கு எல்லாம் ஊர்ல இல்ல.”

“யாரு?”

“புத்தகங்கதான். இந்தப் பயணக் கட்டுரை இருக்கே, அதை மட்டும் வீட்டுல வைக்கவே கூடாது. ஒரு எடத்துல நிக்காது. ரெண்டு அலமாரி நெறைய வாங்கி வச்சேன். அதுக மத்த புத்தகத்துக்கெல்லாம் ஆசை காட்டிட்டு. இமயமலையில பனி, காசியில கங்கை, வெளிநாட்டுல ரயிலு. நேத்துச் சாயங்காலம் பாக்கேன், எல்லாம் வாசல்ல வரிசையா நிக்கு. பக்திப் புத்தகமெல்லாம் காசிக்குத்தான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கு. காதல் நாவலெல்லாம் ஊட்டின்னு அழுது. கிணத்துல கெடந்த சட்டப் புத்தகம் ஈரத்தோட ஏறி வந்து, போகலாம், ஆனா பொறுப்பு நாங்க ஏத்துக்கிட மாட்டோம்னு சொல்லிட்டு மொத ஆளா நிக்கு. கண்டக்டரா இருந்தவன்லா நான், எண்ணி ஏத்தி விசில் குடுத்து அனுப்பிவச்சேன். அட்டையை விரிச்சுச் சடசடன்னு பறந்து போச்சு. ஊரே வேடிக்கை பாத்துச்சு, கொக்குக் கூட்டம்னு நெனைச்சிருப்பாக.”

“இந்த மூணு மட்டும் ஏன் போகல?”

இந்தக் கேள்வியை வானமாமலை கேட்டிருக்கக் கூடாது.

“சமையல் புத்தகத்துக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கிடாது. பஞ்சாங்கம், அன்னைக்கு வடக்கே சூலம், நான் வரலைன்னுட்டு. கோழி வளர்ப்பு அடைக்கு உக்காந்திருக்கு, எழுப்பக்கூடாது.”

வானமாமலை எழுந்து நின்றார். காது நுனி சிவந்திருந்தது. “மேடம், மூணுன்னு எழுதுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுதேன். இவரு ஒரு புத்தகம் படிச்சவரு இல்ல. ஒண்ணே ஒண்ணு, அட்டையிலருந்து அட்டை வரைக்கும் இவரு பாத்த ஒரு புத்தகத்தைப் பத்திச் சொல்லட்டும், நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருதேன்.”

“சொல்லட்டுமா?” என்றார் அண்ணாச்சி.

“சொல்லுங்க.”

“போன தீபாவளிக்கு உங்க வீட்டுல ரெண்டு நாள் இருந்தேன்லா. உங்க புத்தக ரூம்புலதான் பாய் போட்டுக் குடுத்தீங்க. மத்தியானம் ஒறக்கம் வரல. பீரோச் சாவி ஆணியில தொங்குச்சு. சரி, சம்பந்தி படிச்ச புத்தகத்துல நாமளும் ஒண்ணு படிப்போம்னு தொறந்தேன். செவப்பு அட்டையில ஒண்ணை எடுத்தேன். கடையில சுத்திக் குடுத்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கு, பிரிக்கல. சரின்னு அடுத்தது. அதுவும் பிரிக்கல. அந்தத் தட்டு பூராப் பாத்தேன். மூணு பீரோவும் பாத்தேன். தாளுக்கு மேல நம்பர் ஒட்டியிருக்கு. பிரிச்சுக் கெடந்தது ஒண்ணே ஒண்ணுதான். அது பேங்க்காரன் குடுத்த டைரி.”

பிரமு அக்கா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார். வானமாமலையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் இருந்து அண்ணாச்சி சொன்னதில் இது ஒன்றுதான் நிஜம்.

வானமாமலை மெதுவாக உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். சட்டைப்பையில் இருந்த பேனா இரண்டையும் சரி செய்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைக்கிள் ஏறுகிறவர் மாதிரி, தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“பிரிச்சா வாசனை போயிரும்னு பிரிக்கல.”

“ம்” என்றார் அண்ணாச்சி.

“பிரிக்காமலேயே படிச்சிருவேன்.”

அண்ணாச்சி நிமிர்ந்தார். “எப்படி?”

வானமாமலை கூரையைப் பார்த்தார். உதவி ஏதாவது கிடைக்குமா என்று பல்லியைத் தேடின மாதிரி இருந்தது. “அட்டை மேல காதை வச்சா, உள்ள என்ன சொல்லுதுன்னு கேக்கும்.”

“எந்தக் காது?”

“வலது காதுல வச்சாத் தமிழ். இடது காதுல வச்சா இங்கிலீஷ்.”

“ரெண்டு காதுலயும் ஒவ்வொண்ணு வச்சா?”

வானமாமலை ஒரு கணமும் யோசிக்கவில்லை. “மொழிபெயர்ப்பு வரும்.”

ஆவுடையப்பன் அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலையில் இருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு மரியாதை இப்போது தெரிந்தது. “சம்பந்தி, பிழை சொல்ல முடியாது. நாலாயிரத்து இருநூறையும் இப்படித்தான் கேட்டீங்களா?”

“பின்ன. காது தேஞ்சு போச்சு. பாருங்க” என்று வானமாமலை வலது காதைக் காட்டினார். அண்ணாச்சி எழுந்து போய்த் தொட்டுப் பார்த்து, ஆமா என்று தலையாட்டினார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மணி பன்னிரண்டு. இன்னும் இரண்டு வீடு பார்க்கவேண்டும். படிவத்தை எடுத்து, எண்ணிக்கை கட்டத்தில் 3 என்று எழுதினேன். வகைப்பாட்டில் மூன்று வகை என்று எழுதினேன். அண்ணாச்சி முன்னால் நீட்டினேன்.

அவர் அந்த 3ஐப் பார்த்தார். அதிலேயே பார்வை நின்றுவிட்டது. மீசை, சிரிப்பு, துண்டு எல்லாம் இருந்தும் ஆள் சுருங்கிப்போன மாதிரி இருந்தது.

“பேரன் இப்ப நடக்கானாம் மேடம்” என்றார். “சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கான்னு மக போன்ல சொன்னா. நான் இன்னும் பாக்கல.”

அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டார். வானமாமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க சம்பந்தி, ஷீல்டு கெடக்கட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சி சபதம் போட்டது நாலு பேர் முன்னால். அதை அவராக விடவும் முடியாது. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. நடக்கப் பழகுகிற பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இந்த இரண்டு பெரிய மனிதர்களும் ஒரு மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் பொய் கேட்டுத்தான் பழக்கம். சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

“அண்ணாச்சி, இந்தப் படிவம் சும்மா ஆபீஸ் கணக்குக்கு. உங்க ஷீல்டு போன வாரமே குடுத்தாச்சே, உங்களுக்குத் தகவல் வரலையா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வானமாமலையும் பார்த்தார்.

“பதினோராயிரம் புத்தகத்துக்குச் சின்ன ஷீல்டு குடுத்தா மரியாதையா இருக்காதுன்னு பெருசாச் செய்யச் சொன்னாங்க. செஞ்ச பொறவு பாத்தா எந்த மேடையிலயும் ஏத்த முடியல. லாரியில வைக்க முடியல. தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி ஜில்லா பூரா இருக்க நூலகர் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தோம். எனக்கு உள்ளங்கை கொப்பளிச்சிட்டு. உங்க தெரு முக்குல திரும்பல. அதனால ஊருக்கு வெளிய நிப்பாட்டி வச்சிட்டு வந்துட்டோம்.”

“எங்க?” என்றார் வானமாமலை.

நான் ஜன்னலைக் காட்டினேன். மேற்கே, வீட்டுக் கூரைகளுக்கும் தென்னை மரங்களுக்கும் மேலே, குற்றால மலை நின்றது. உச்சியில் மேகம்.

“அதுதான்.”

வானமாமலை ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து மலையைப் பார்த்தார். அண்ணாச்சியும் அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது ஷீல்டு இல்லை என்று அண்ணாச்சி சொன்னால் காலையில் இருந்து அவர் சொன்னதெல்லாம் இல்லை என்று ஆகிவிடும். அது அவருக்கும் தெரியும்.

“அதான பாத்தேன்” என்றார் அண்ணாச்சி மெதுவாக. “போன வாரம் வரைக்கும் அந்த எடத்துல மலையே கெடையாதே.”

வானமாமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஷீல்டுன்னா பேரு எழுதியிருக்கணுமே. ஒங்க பேரைக் காணோமே சம்பந்தி?”

“பேரு அந்தப் பக்கம் இருக்கு. கேரளாக்காரங்க தெனமும் படிச்சிக்கிட்டு இருக்காங்க.”

வானமாமலை தலையாட்டினார். அதில் குறை காண அவருக்கு வழி இல்லை. திரும்பி வந்து என்னிடம் படிவத்தை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“இவ்வளவு பெரிய ஷீல்டு வாங்குனவரு. இனிமே எங்க வீட்டுக்கு வந்தா உங்களை எங்கன உக்கார வைக்கதுன்னு தெரியலையே?”

“எங்கன வேணாலும் போடுங்க. உங்க ஷீல்டுக்குக் கீழேயே போடுங்க” என்றார் அண்ணாச்சி. “இனிமே இலஞ்சியில நீங்க எங்க உக்காந்தாலும் என் ஷீல்டுக்குக் கீழதான சம்பந்தி இருக்கீங்க.”

வானமாமலைக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். “அப்ப ஞாயித்துக்கிழமை வந்து பேரனுக்கு நீங்களே காட்டிருங்க. நான் சொன்னா நம்பமாட்டான்.”

“ஞாயிறு எதுக்கு? இப்பவே வாரேன். பிரமு, சட்டையை எடு.”

பிரமு அக்கா காப்பி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினார். ஜன்னல் வழியாக ஒரு தடவை மேற்கே பார்த்தார். அப்புறம் இரண்டு பேரையும் பார்த்தார்.

“போறது போறீங்க, போற வழியில அதைத் தொடைச்சிட்டுப் போங்க. ஆளுக்கொரு பழைய துணி தாரேன்.”